விற்பவர் வாய் திறக்க வேண்டுமா?

மலாக்காவில் இருபது, முப்பது வருடப் பழைய தாமான் வீடு ஒன்று விலைக்கு வருகிறதென்றால், அந்த வாசலை முதலில் மிதிப்பவர் வாங்குகிறவர் அல்ல, பெயிண்டர். சுவரடியில் உப்புப் பூத்த இடம், குளியலறையை ஒட்டிய சுவரில் படர்ந்த பூஞ்சணம், மேல்தட்டுப் பலகையில் மழைநீர் வரைந்த பழுப்பு வட்டம் எல்லாம் ஒரு வார இறுதிக்குள் வெள்ளையாகிவிடும். அடுத்த வாரம் ஏஜெண்ட் ஆளைக் கூட்டி வருவார். “ஃப்ரீஹோல்ட், பக்கத்திலேயே தமிழ்ப்பள்ளி, கோயிலுக்கு நடந்தே போகலாம்” என்பார். மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். கூரை ஒழுகும் என்பதும் உண்மைதான். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? மலேசியாவில் பழைய வீட்டை விற்கும் தனிமனிதர், வீட்டின் குறைகளைப் பட்டியல் போட்டு வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும் என்று பொதுவான சட்டக் கட்டளை எதுவும் கிடையாது. கண்ணைத் திறந்து பார்த்து வாங்குவது வாங்குபவர் பாடு என்ற பழைய ஆங்கிலேயக் கொள்கைதான் இங்கே இன்றும் ஆள்கிறது. விற்பவர் பேசாமல் இருக்கலாம். பேசினால் பொய் பேசக் கூடாது. மலாக்காவில் வீடு வாங்குபவரின் உரிமை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கில்தான் கிடக்கிறது.

அந்த இடுக்கு தமிழர்களுக்குக் கூடுதலாக வலிப்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1896இல் டான் சே யான் என்ற வணிகர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் போடப்பட்ட முதல் இடங்களில் அதுவும் ஒன்று. பிறகு புக்கிட் அசகான், கெமெண்டோர், டைமண்ட் ஜூபிலி என்று ஜாசின் வட்டாரமே தோட்டமானது. பால் மரம் சீவ வந்த தமிழர்கள் லயத்தில் குடியேறினார்கள். லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. தோட்டத் தொழிலாளர் வீடு எப்படி இருக்க வேண்டும், குடிநீரும் கழிவறையும் எப்படி அமைய வேண்டும் என்பதற்கெல்லாம் பிற்பாடு 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுத் தரச் சட்டம்வரை வந்தது. ஆனால் வீடு வேலை செய்பவருடையது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மூன்று தலைமுறை ஒரே கூரைக்குக் கீழ் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கூரையை வாங்கவும் விற்கவும் வழி இல்லாமல் போனது.

விற்பனை அவர்கள் தலைக்கு மேலேதான் நடந்தது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைக் கைகழுவியபோது, இடைத்தரகர்கள் அவற்றை வாங்கித் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். வேலையும் லயமும் ஒரே நாளில் போன குடும்பங்கள் பல. பொருளாதார அறிஞர் உங்கு அஜீஸ் 1951 முதல் 1960 வரையிலான இந்தத் துண்டாடலை ஆராய்ந்து எழுதினார். ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்கும் இதுவே காரணம். பின்னர் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தை இருவருக்கோ அதற்கு மேற்பட்டவருக்கோ மாற்றிக் கொடுப்பதானால் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். 40 ஹெக்டேர் தோட்டம் துண்டாகும்போது ஒரு வாரியம் கேள்வி கேட்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறியவர் சேமநிதிப் பணத்தை எடுத்து மெர்லிமாவிலோ டுரியான் துங்காலிலோ வாங்கும் வரிசை வீட்டுக்கு அப்படிக் கேள்வி கேட்க ஆளில்லை. வீடு வாங்குவதில் அவருக்கு அப்பாவிடமிருந்து வந்த அனுபவமும் இல்லை.

இனிச் சட்டத்துக்குள் போகலாம். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை அச்சாகக் கொண்டது. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் கீழ் இருந்த மலாக்காவுக்கு அது 1974இல்தான் வந்தது. அதன் 17ஆவது பிரிவு மோசடி என்றால் என்ன என்று விளக்குகிறது. வாங்குபவரின் மனதை மாற்றக்கூடிய ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருப்பது மட்டுமே மோசடி ஆகாது என்கிறது. சும்மா சொன்னால் புரியாது என்று நினைத்தோ என்னவோ, சட்டம் எழுதியவர்கள் குதிரையை வைத்து உதாரணம் கொடுத்திருக்கிறார்கள்.

ஒருவர் நோஞ்சான் குதிரையை ஏலத்தில் விற்கிறார். அதன் நோயைப் பற்றி மூச்சு விடவில்லை. இது மோசடி அல்ல. வாங்குபவர் அவருடைய சொந்த மகள், இப்போதுதான் சட்டப்படி உரிய வயதை எட்டியவள் என்றால்? அப்போது சொல்லியே ஆக வேண்டும். உறவு அந்தக் கடமையைத் தருகிறது. மூன்றாவது உதாரணம்தான் சுவையானது. வாங்குபவர், “நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்” என்கிறார். விற்பவர் வாயைத் திறக்கவில்லை. இப்போது அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். வீடு வாங்கும் எவரும் மனப்பாடம் செய்ய வேண்டிய உதாரணம் இது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

அதே 17ஆவது பிரிவில் இன்னொரு வரி உண்டு. தெரிந்த ஒரு விஷயத்தை முனைந்து மூடி மறைப்பதும் மோசடிதான். அப்படியானால் பெயிண்டர்? வீட்டை விற்குமுன் வெள்ளையடிப்பது ஊர் வழக்கம், அதில் தப்பில்லை. சுவர் பிளந்த இடத்தில் சிமெண்ட் பூசி, அதன்மேல் அலமாரியை நிறுத்தி, அலமாரியை நகர்த்த விடாமல் பார்த்துக்கொள்வது வேறு. முன்னது மௌனத்தின் பக்கம் நிற்கிறது, பின்னது மறைப்பின் பக்கம். நடுவில் கோடு எங்கே என்பதை நீதிமன்றம் ஒவ்வொரு வழக்கின் சாட்சியத்தையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். சாட்சியம் தேட வேண்டியவர் வாங்கியவர். மோசடி மெய்ப்பிக்கப்பட்டால் 19ஆவது பிரிவின்படி அவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ஆனால் அதே பிரிவு ஒரு கொக்கியும் வைத்திருக்கிறது. மௌனத்தால் ஏமாந்தேன் என்பவருக்கு, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால், ரத்துரிமை இல்லை. கூரைக்குள் எட்டிப் பார்க்காதவர் கரையானைப் பற்றிப் புகார் சொல்வது கடினம்.

இங்கேதான் ஒரு வினோதம். ஒப்பந்தச் சட்டம் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தது. அதன் தம்பியான 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் வரவில்லை. மலாயா நில விவகாரத்தில் தென் ஆஸ்திரேலியாவின் டோரன்ஸ் பதிவு முறையைப் பின்பற்றியது. வராமல் போன அந்த இந்தியச் சட்டத்தின் 55ஆவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை சொத்திலோ உரிமையிலோ இருந்தால், விற்பவர் அதைச் சொல்லக் கடமைப்பட்டவர். சொல்லாமல் விட்டால் அது மோசடிக்குரிய செயல் என்றும் அதே பிரிவு அறைந்து சொல்கிறது. ஒப்பந்தத்தில் மாறாக எழுதிக்கொள்ளலாம் என்ற விலக்கு உண்டுதான். ஆனாலும் தொடக்கப் புள்ளி வேறு. திருச்சியில் வீடு விற்கும் சித்தப்பா சட்டப்படி வாய் திறக்க வேண்டும். மெர்லிமாவில் வீடு விற்கும் அவருடைய அண்ணன் மகன் திறக்க வேண்டியதில்லை. மௌனம் மோசடியல்ல என்ற பாதி மட்டும் இங்கே வந்து, நிலம் விற்பவர் பேச வேண்டும் என்ற பாதி அங்கேயே நின்றுவிட்டது.

வராத பாதிக்கு ஈடாக மலேசியா நம்பியது நில அலுவலகப் பதிவேட்டை. உரிமை யாருக்கு, எந்த வங்கியில் அடமானம், யார் கேவியட் என்ற தடைமனு போட்டிருக்கிறார்கள் என்பதையெல்லாம் பதிவேடே சொல்லிவிடும்போது விற்பவர் சொல்ல என்ன இருக்கிறது என்பது அதன் நியாயம். உரிமையைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் சரி. மலாக்காவும் பினாங்கும் 1966 வரை பழைய பத்திர முறையில் இருந்தவை. பத்திரத்துக்குப் பின்னால் பத்திரம் என்று தோண்டிக்கொண்டே போக வேண்டிய அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால், இன்று ஒரு தேடல் விண்ணப்பம் போதும்.

ஆனால் கிராண்ட் எனப்படும் நில உரிமைப் பத்திரத்தை வாசிக்கத் தெரிய வேண்டும். மலாக்காவில் வாங்குபவர் முதலில் தேட வேண்டியது, அது மலாக்கா வழக்கு நிலமா என்பதை. எம்.சி.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த நிலம் பொதுவாக மலாய்க்காரர்களுக்கு மட்டுமே மாறக்கூடியது. விலை சல்லிசாக இருக்கிறதே என்று முன்பணம் கொடுத்துவிட்டு, பிறகு கிராண்டில் அந்த வாசகத்தைப் பார்ப்பது காலங்கடந்த படிப்பு. அடுத்தது குத்தகைக் காலம். 99 வருடக் குத்தகையில் எத்தனை வருடம் மிச்சம் என்பது வங்கிக் கடனையே தீர்மானிக்கும். மூன்றாவது, மாநில அதிகாரத்தின் அனுமதியின்றிக் கைமாற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு. மலிவு விலை வீடுகளில் இது சகஜம். மூன்றும் கிராண்டிலேயே எழுதப்பட்டவை என்பதால், “விற்பவர் சொல்லவில்லை” என்ற வாதம் நீதிமன்றத்தில் நொண்டும்.

பதிவேடு சொல்லாத ஒரு கதை, செத்துப்போனவர் பெயரில் இருக்கும் வீடு. தோட்டத்திலிருந்து வந்து முதல் வீடு வாங்கிய அப்பா உயில் எழுதாமல் போயிருப்பார். மூத்த மகன் அதில் குடியிருப்பார், கதவு வரி கட்டுவார், விற்கவும் கிளம்பிவிடுவார். கிராண்டில் அப்பா பெயர் இருக்கும். ஜொகூரில் ஒரு தங்கை, சிங்கப்பூரில் ஒரு தம்பி இருப்பதை அவர் சொல்லமாட்டார். மறைக்க வேண்டும் என்றுகூட இல்லை, “எல்லாம் நம்ம குடும்பம்தானே” என்ற நினைப்பு. சட்டம் அப்படி நினைக்காது. சிறு சொத்தானால் நில அலுவலகத்தில் பங்கீட்டு விசாரணை நடந்தாக வேண்டும். அதற்கான உச்சவரம்பு 2024 ஜூலையில் 20 லட்சம் வெள்ளியிலிருந்து 50 லட்சமாக உயர்ந்திருக்கிறது, ஆகவே பெரும்பாலான தாமான் வீடுகள் அதற்குள் அடங்கிவிடும். நீதிமன்றத்தில் நிர்வாகப் பத்திரம் எடுத்தவரும் நிலத்தை விற்க நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். இவை முடியாமல் வாங்கப்படும் முன்பணம் வெறும் நம்பிக்கைக் கடன்.

வீட்டின் உடம்பைப் பற்றிப் பதிவேட்டுக்கு எதுவுமே தெரியாது. மலாக்காத் தாமான்களில் மிகச் சாதாரணமான மறைப்பு பின்பக்கச் சமையலறை. பழைய வரிசை வீட்டின் பின்னால் இருந்த திறந்த இடத்தைச் சுவர் எழுப்பி, சிங்க் கூரை போட்டு, சாக்கடைமேல் சிலேப் வைத்து மூடி, தரைக்கு ஓடு ஒட்டியிருப்பார்கள். பார்க்க வருபவர்களுக்கு அந்த விசாலம்தான் முதலில் பிடிக்கும். ஓட்டின் மூலையில் ஒரு சதுர மூடி தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. அந்த மூடிக்குக் கீழே ஓடுவது வரிசை முழுவதற்கும் பொதுவான சாக்கடை. நகராட்சியின் அனுமதியின்றி இப்படிக் கட்டுவது 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்துக்கு எதிரானது. இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வரும் நாளில் கட்டியவர் இருக்கமாட்டார். கதவைத் திறப்பவர் வாங்கியவர்தான். வங்கியின் மதிப்பீட்டாளர் அனுமதியில்லாத பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டு, கடன் தொகை குறைவதும் நடக்கும். மலாக்கா மாநகர மன்றம், ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் நகராட்சிகள் என எந்த எல்லைக்குள் வீடு இருக்கிறதோ அங்கே போய், அங்கீகரித்த வரைபடம் இருக்கிறதா என்று கேட்பது ஒரு நாள் வேலை.

அடுத்தது வெள்ளம். 2022 புத்தாண்டையொட்டிய மழையில் அலோர் காஜா, ஜாசின் மாவட்டங்களில் குடும்பங்கள் நிவாரண மையங்களுக்குப் போக வேண்டியிருந்தது. நீர் வடிந்து, சுவர் காய்ந்து, பெயிண்ட் ஏறிய பிறகு எந்த வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது அண்டைவீட்டாருக்கும் விற்பவருக்கும் மட்டுமே தெரியும். கிராண்டில் அது வராது. அரசாங்கத் திட்டங்களும் அப்படித்தான். கோலாலம்பூர் – சிங்கப்பூர் அதிவேக ரயிலுக்கு ஆயர் குரோவில் நிலையம் வரும் என்று பேசப்பட்ட வருடங்களில் அதை வைத்தே விலை சொன்னவர்கள் உண்டு. திட்டம் 2021 தொடக்கத்தில் ரத்தானது. வரப்போகும் ரயிலைப் பற்றி ஊதிச் சொல்வது வெறும் அபிப்பிராயம், வந்துபோன வெள்ளத்தை இல்லை என்பது பொய்க்கூற்று. சட்டம் இந்த வேறுபாட்டைக் கவனிக்கும்.

புதுவீடு வாங்குபவரின் நிலை முற்றிலும் வேறு. 1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டமும் அதன் விதிமுறைகளும் மேம்பாட்டாளரைப் பேச வைக்கின்றன. விளம்பரத்திலேயே உரிம எண், நிலத்தின் தன்மை, அதன்மேல் இருக்கும் கட்டு எல்லாம் வர வேண்டும். ஒப்பந்தப் படிவம் அரசாங்கம் வகுத்தது. சாவி வாங்கிய 24 மாதத்துக்குள் தெரியும் கட்டுமானக் குறையை மேம்பாட்டாளர் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும். மறுத்தால் வழக்கறிஞர் இல்லாமலே வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். பழைய வீடு வாங்கியவர் அந்தத் தீர்ப்பாயத்தின் படியேற முடியாது. பயனீட்டாளர் சட்டமும் நிலத்தைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. 40 வெள்ளி மின்விசிறிக்குத் தீர்ப்பாயம் உண்டு, நான்கு லட்சம் வெள்ளிப் பழைய வீட்டுக்கு இல்லை. அவருக்கு மிஞ்சுவது சிவில் நீதிமன்றம், வழக்கறிஞர் கட்டணம், வருடங்கள்.

ஏலவீட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வங்கி எதையும் உறுதிசெய்யாது, இருப்பது இருக்கிறபடி, உள்ளே ஆள் இருந்தால் வெளியேற்றுவதும் வாங்கியவர் பாடு. குறைந்த விலைக்கு அது கூலி.

ஏஜெண்டுகளின் நிலை இரண்டு வகை. சொத்து முகவர் வாரியத்தில் பதிந்தவர்கள் 1981ஆம் ஆண்டின் சொத்து முகவர் சட்டத்துக்கு உட்பட்டவர்கள், அவர்கள்மேல் புகார் கொடுக்க ஓரிடம் உண்டு. “தெரிஞ்சவர்” என்ற பெயரில் காப்பிக்கடையில் உட்கார்ந்து வீடு முடித்துக் கொடுப்பவர் பதிவில்லாதவர், அவர் செய்வதே அந்தச் சட்டப்படி குற்றம். சிற்றூர்களில் இரண்டாவது வகைக்குத்தான் செல்வாக்கு அதிகம், ஏனென்றால் அவர் நம்ம ஆள்.

வெளியுலகம் என்ன செய்கிறது? கலிபோர்னியாவில் 1987 முதல் விற்பவர் குறைப்பட்டியல் படிவம் நிரப்பித்தான் ஆக வேண்டும். வீட்டில் மூன்று வருடத்துக்குள் நடந்த மரணத்தைக்கூட மறைக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒப்பந்தத்துக்கு முன்பே விற்பவர் அறிக்கை கையில் தர வேண்டும். நியூயார்க் கதை கொஞ்சம் சிரிப்பு. அங்கும் படிவம் இருந்தது. நிரப்பாதவர் வாங்குபவருக்கு 500 டாலர் தள்ளுபடி கொடுத்தால் போதும் என்றார்கள். விற்பவர்கள் சந்தோஷமாக 500ஐக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். 2024 மார்ச்சில் அந்தக் கதவை அடைத்து, வெள்ளம் பற்றிய கேள்விகளையும் படிவத்தில் சேர்த்தார்கள். அதே நியூயார்க்கில் 1991இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், பேய் வீடு என்று ஊரெல்லாம் சொல்லிப் பெயர் வாங்கிய விற்பனையாளர் வாங்கியவரிடம் மட்டும் அதைச் சொல்லாததால், வாங்கியவர் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம் என்று தீர்ப்பளித்தது. பேயைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் கரையானைப் பற்றிச் சொல்லக் கூடாதா என்று மலாக்காக்காரர் கேட்டால் நியாயம்தான்.

படிவம் வந்தால் விற்பவர்களுக்குத் தொல்லை, விலை இறங்கும் என்று சொல்பவர்கள் உண்டு. இந்த வாதத்தில் பெரிய பலம் இல்லை. குறை தெரிந்து இறங்கும் விலைதான் அந்த வீட்டின் உண்மையான விலை. அதோடு, எழுதிக் கொடுத்துவிட்ட விற்பனையாளர்மேல் பிறகு வழக்குப் போடுவது கடினம். நேர்மையானவருக்கு அது பாதுகாப்பு.

நாடாளுமன்றம் அசையும்வரை கையில் இருப்பது அந்தக் குதிரை உதாரணம்தான். மௌனம் மோசடியாகாது. ஆனால் கேட்ட கேள்விக்குப் பொய்ப் பதில் மோசடி. “மறுக்காவிட்டால் நலம் என்று எடுத்துக்கொள்வேன்” என்று சொன்னபின் வரும் மௌனமும் பேச்சாக மாறக்கூடும். ஆகவே கேள்விகளை எழுத்தில் அனுப்ப வேண்டும். இந்த வீட்டுக்குள் வெள்ளம் வந்ததுண்டா? கூரையில் ஒழுகலோ கரையானோ இருக்கிறதா? பின்பக்கக் கட்டடத்துக்கு நகராட்சி அனுமதி உண்டா? தண்ணீர், கதவு வரி, நில வரி பாக்கி இருக்கிறதா? கிராண்டில் இல்லாத வேறு வாரிசு, வாடகைக்காரர் யாராவது உண்டா? நகராட்சியிலிருந்தோ நில அலுவலகத்திலிருந்தோ நோட்டீஸ் வந்திருக்கிறதா? கடைசி வரியாக, மாற்றாக எதுவும் தெரிவிக்காவிட்டால் இவை எதுவும் இல்லை என்று நம்பியே வாங்குகிறேன் என்று சேர்த்துவிட வேண்டும். பதில் வாட்ஸ்ஆப்பில் வந்தாலும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். பிறகு அந்தப் பதில்களை விற்பவரின் உறுதிமொழியாக ஒப்பந்தத்துக்குள் சேர்க்கும்படி வழக்கறிஞரிடம் சொல்ல வேண்டும். தானாகச் சேர்க்கமாட்டார். அவர் பார்ப்பது கிராண்டை, கூரையை அல்ல.

விற்பவர் உறவினரானால் கேட்கக் கூச்சமாக இருக்கும். அப்போதும் கேளுங்கள். இந்திய அரசு 1882இல் ஒரே வாக்கியத்தில் எழுதிய கடமையை மலேசியச் சட்டத்திலும் எழுதிவிட்டால் இந்தக் கூச்சத்துக்கு வேலையிருக்காது. மலாக்காவின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் தமிழ்ச் சங்கங்களும் பயனீட்டாளர் அமைப்புகளும் வைக்க வேண்டிய கோரிக்கை அது. அதுவரை அந்தக் கேள்விக் கடிதத்தைத் தமிழில் எழுதினாலும் மலாயில் எழுதினாலும் சரி, அதில் தேதி போட்டிருக்க வேண்டும். அந்தத் தேதி முன்பணம் கைமாறுவதற்கு முந்தியதாக இருக்க வேண்டும்.